புறம்போக்கிலிருந்து பூங்கா வரை: செங்கல்பட்டுச் சீமையில் பொதுவெளியின் வரலாறு

தமிழ்நாட்டு வருவாய்த்துறைச் சொற்களுள் ‘புறம்போக்கு’ என்பதைப் போல ஏளனத்துக்கு ஆளான சொல் வேறில்லை. ஒருவரை அச்சொல்லால் அழைத்தால் அது வசை. ஊர்க்கணக்கில் அது வெறும் வகைப்பெயர். தீர்வைக்கு உட்பட்ட நிலங்களின் கணக்குக்குப் புறத்தே போய்விடுவதால், அதாவது உழுது பயிரிட்டு அரசுக்கு வரி செலுத்தும் பொறுப்பு எவர் தலையிலும் விழாததால், ஏரி, வாய்க்கால், வழித்தடம், களம், மந்தை, சுடுகாடு ஆகிய எல்லாம் இப்பெயரால் குறிக்கப்பட்டன. பாலாறு பாய்ந்து வங்கக் கடலில் கலக்கும் செங்கல்பட்டுச் சீமையில் மக்கள் ஆடிய, கூடிய, இளைப்பாறிய இடங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் இந்தப் புறம்போக்கிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் அவ்விடங்களில் பெரும்பாலானவை விளையாட்டுக்கென்று யாரும் ஒதுக்கி வைத்தவை அல்ல. வேறொரு வேலைக்கென்று திறந்து கிடந்த நிலம், அந்த வேலை இல்லாத நாள்களில் ஆட்டத்துக்கும் கூத்துக்கும் இடம் கொடுத்தது. நெல்லடித்ததும் மாடு கட்டியதும் வலை உலர்த்தியதும் அந்நிலத்துக்குக் காவலாக நின்றன. அவ்வேலைகள் ஒவ்வொன்றாக மறைந்தபோது காவலும் உடன் மறைந்தது.

இச்சீமையின் நிலக்கணக்குகள் பிற மாவட்டங்களுடையவற்றைக் காட்டிலும் பழமையும் நுணுக்கமும் உடையவை. 1763ஆம் ஆண்டு ஆர்க்காட்டு நவாப் முகமது அலி, கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இப்பகுதியை ‘ஜாகிர்’ ஆக, அதாவது வருவாயை அனுபவித்துக்கொள்ளும் மானியமாக, வழங்கினார். கையில் வந்த நாட்டின் வளத்தை அறிய விரும்பிய கம்பெனி, தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளரைக் கொண்டு 1767 முதல் 1774 வரை சுமார் 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தது. ஊர்க் கணக்கர்கள் ஓலையில் எழுதி வைத்திருந்த விவரங்களின் துணையோடு நடந்த அந்த அளவையில் விளைநிலம் எவ்வளவு என்பதோடு, வீடும் கொல்லையும், ஏரியும் குட்டையும், மலையும் பாறையும், காடும் உப்பளமும் எவ்வளவு என்பதும் காணிக் கணக்கில் பதிவாயின. காணி என்பது இப்பகுதியில் ஏறத்தாழ 1.32 ஏக்கர். ஊரின் நிலம் முழுவதும் உழுவதற்கன்று என்பதை அக்கணக்கர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். உழாத நிலத்தையும் அளந்து பெயரிட்டு எழுதி வைத்ததே அதற்குச் சான்று.

அதற்கும் முந்தைய காலத்தைப் பற்றிப் பேசும்போது எச்சரிக்கை தேவை. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் மதுராந்தகம் வட்டத்தில் இருந்து, இப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் அடங்கும் உத்தரமேரூரின் கல்வெட்டுகள் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை. குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட சம்வத்சர வாரியம், ஏரி வாரியம் ஆகியவற்றோடு பன்னிருவர் கொண்ட தோட்ட வாரியமும் அங்கே இருந்ததை அவை தெரிவிக்கின்றன. இதைக் கொண்டு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கு பூங்காத் துறை இயங்கியதாக மேடைகளில் சொல்லப்படுவதுண்டு. அது மிகை. தோட்ட வாரியத்தின் பொறுப்பு ஊரின் தோட்டநிலங்களைப் பற்றியது. அவ்வாரியத்தில் இடம்பெறுவதற்கே கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும் வேதக் கல்வியும் வேண்டியிருந்தன. கோயில்களுக்கு மானியமாக விடப்பட்ட நந்தவனங்களும் இறைவனுக்குப் பூமாலை கட்டுவதற்காக இருந்தனவே தவிர, ஊரார் உலாவுவதற்காக அல்ல. ஆனால் ஏரியையும் தோட்டத்தையும் தனியார் விருப்பத்துக்கு விடாமல், ஆண்டுதோறும் மாறும் ஒரு குழுவின் கண்காணிப்பில் வைத்த முறை கவனத்துக்குரியது. பிற்காலச் சட்டங்கள் பலவற்றில் இல்லாமல் போனது அந்தத் தொடர்ந்த கண்காணிப்புதான்.

இலக்கியச் சான்று வேறு வகையானது. மணிமேகலை புகார் நகரத்தின் இலவந்திகைச் சோலை, உய்யானம், உவவனம் முதலிய பூம்பொழில்களை வரிசைப்படுத்துகிறது. அவற்றுள்ளும் சில அரசனுக்கும் சில தெய்வத்துக்கும் உரியவை. தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையோ இக்கடற்கரைக்கே உரிய காட்சியைத் தருகிறது: நீர்ப்பெயற்று என்னும் பட்டினத்துப் பெண்கள் மாடங்களில் பந்தாடிவிட்டு, மணலில் கழங்காடுகிறார்கள். அப்பட்டினம் மாமல்லபுரமே என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். அது உறுதியோ இல்லையோ, இக்கரையில் ஆட்டத்துக்கான தரை மணல்தான் என்பதைப் பாட்டு அறிந்திருக்கிறது. ஊருக்குள்ளே அதற்கு நிகராக இருந்தது மன்றம், அதாவது மரத்தடியில் எல்லோரும் கூடும் பொதுவெளி.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடந்த நில அளவையும் நிலவரித் திட்டமும் இந்த வெளிகளையெல்லாம் எண்ணிட்டுப் பதிவேட்டில் ஏற்றின. கிராம நத்தம் என்பது குடியிருப்புக்கு விடப்பட்ட நிலம். மேய்க்கால் புறம்போக்கு கால்நடை மேய்வதற்கு. மந்தைவெளி, மேய்ச்சலுக்குப் போகுமுன் ஊர் மாடுகள் ஒன்றுசேரும் இடம். களம் புறம்போக்கு அறுவடையான கதிரை அடித்துத் தூற்றும் இடம். தோப்புப் புறம்போக்கு பொது மரங்கள் நிற்கும் இடம். இவற்றுக்கு அப்பால் தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, உரிமையாளர் இல்லாத நிலமாகிய அனாதீனம் என்ற வகைகளும் உண்டு. இந்த வழக்கமான வகைகளுள் விளையாட்டு என்ற சொல் எங்கும் வராது. அதில் வியப்பும் இல்லை. தை மாதத்தில் நெல் வீட்டுக்குப் போன பிறகு களம் சடுகுடுத் திடலாகும் என்பதும், பங்குனி வெயிலில் நீர் வற்றிய ஏரியின் உள்வாய் கில்லிக்கும், பின்னாளில் கிரிக்கெட்டுக்கும் மைதானமாகும் என்பதும் எழுதி வைக்க வேண்டிய செய்திகளாக எவருக்கும் தோன்றியிருக்காது. ஏரிகள் நிறைந்த இம்மாவட்டத்தில் இன்றும் மிகப் பெரிய இலவச மைதானம் கோடையில் வற்றிய ஏரிதான்.

களமும் மந்தையும் வெறும் விளையாட்டோடு நின்றவை அல்ல. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பகுதிகள் தெருக்கூத்தின் தாயகம் என்பதால், திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்கள்தோறும் பாரதம் படிப்பதற்கும் கூத்து ஆடுவதற்கும் விரிந்த வெளி தேவைப்பட்டது. பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவெல்லாம் கூத்து என்று நாள்கணக்கில் நடக்கும் விழாவின் இறுதியில், துரியோதனனின் உருவம் மண்ணால் தரையில் பிரம்மாண்டமாகக் கிடத்தப்பட்டு, பீமன் வேடமிட்டவர் அதன் தொடையைப் பிளக்கும் ‘படுகளம்’ நிகழ்கிறது. அர்ச்சுனன் தவத்துக்கு நடப்படும் உயர்ந்த தபசு மரமும் அதே திடலில்தான் நிற்கும். மாமல்லபுரத்துப் பாறையில் அர்ச்சுனன் தபசு என்று மக்கள் வழங்கும் சிற்பத்தொகுதியைக் காண உலகமெங்கிலுமிருந்து வருவோருக்கு, அதன் உயிருள்ள வடிவம் சில கல் தொலைவில் ஒரு புறம்போக்கு நிலத்தில் ஆண்டுதோறும் நடக்கிறது என்பது தெரிவதில்லை. படுகளத்துக்குத் திடல் சுருங்கிவிட்ட ஊர்களில் மண்ணுருவமும் அதற்கேற்பச் சுருங்குகிறது.

இந்தப் பொதுவெளிகள் எல்லோருக்கும் பொதுவாக இருந்தன என்று சொல்லிவிட்டுக் கடந்து போவது வரலாற்றுக்கு ஒவ்வாது. இச்சீமையில் மிராசு என்னும் பரம்பரைக் காணியுரிமை பெற்றிருந்தவர்கள் தரிசு நிலத்தின் மீதும் தங்களுக்கே முதலுரிமை என்று வாதிட்டு வந்தார்கள். சேரியில் வாழ்ந்தோருக்குக் குடியிருக்கும் மனைகூட அவர்களுடைய தயவில்தான் கிடைத்தது. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை, இம்மாவட்டத்துத் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலமின்மையை விரிவாக எடுத்துரைத்ததன் விளைவாகவே 1892இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை பிறந்தது. பின்னாளில் பஞ்சமி நிலம் என்று பெயர் பெற்றது அதுதான். ஊர்க் களத்தில் அடித்த நெல்லைச் சுமந்தவர்களின் பிள்ளைகள், அதே களத்தில் ஆட அனுமதிக்கப்படாத ஊர்கள் உண்டு. பழைய மந்தைவெளியை நினைத்து ஏங்கும் கட்டுரைகள் இதைப் பேசாமல் விடுவது வழக்கம். சட்டத்தின் வழியே வந்த பிற்காலப் பூங்காவுக்கு எத்தனை குறைகள் இருப்பினும், வாயிலில் சாதி கேட்காத வெளி என்ற கருத்தை அதுதான் கொண்டுவந்தது.

அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் வெவ்வேறு இடங்களில் பிறந்த இரண்டு சட்டங்களை இங்கே ஒப்பிடலாம். 1905ஆம் ஆண்டின் சென்னை நில ஆக்கிரமிப்புச் சட்டம், தனியாருக்கு உரிமை நிறுவப்படாத சாலை, ஆறு, ஏரி, தரிசு, புறம்போக்கு ஆகிய எல்லாமே அரசின் சொத்து என்று அறிவித்தது. 1906ஆம் ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய திறந்தவெளிகள் சட்டமோ, இருபதில் ஒரு பங்குக்கு மேல் கட்டடம் இல்லாததும், தோட்டமாகவோ பொழுதுபோக்கு இடமாகவோ இருப்பதுமான நிலத்தைத் திறந்தவெளி என்று வரையறுத்ததோடு, வெறுமனே தரிசாகக் கிடக்கும் நிலத்தையும் அதே சொல்லுக்குள் அடக்கி, அதை மக்களுக்காகப் பெற்றுப் பேணும் அதிகாரத்தை உள்ளாட்சி அமைப்புகளுக்குத் தந்தது. ஒரே பேரரசில், தரிசு என்பது அங்கே மக்கள் காற்று வாங்கும் இடமாகவும் இங்கே அரசின் கையிருப்பாகவும் எண்ணப்பட்டது. பிற்காலத்தில், 1925இல், அந்நாட்டில் தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டுத் திடல்கள் சங்கம் ஆயிரம் பேருக்கு 6 ஏக்கர் என்ற அளவுகோலைப் பரப்பியது. செங்கல்பட்டிலோ 1905ஆம் ஆண்டுச் சட்டத்தின் அன்றாட வடிவம் ‘பி மெமோ’ ஆயிற்று. புறம்போக்கை வளைத்தவருக்கு வருவாய்த்துறை அனுப்பும் அந்த அறிவிப்பு அபராதம் விதிப்பதற்கானது. ஆயினும் ஆண்டுதோறும் அபராதம் கட்டிய ரசீதுகளைச் சேர்த்து வைத்திருந்தவர்கள், நீண்டகால அனுபவத்துக்கு அவற்றையே சான்றாகக் காட்டிப் பட்டா கேட்டார்கள். தண்டனைச் சீட்டு உரிமைச் சீட்டாக மாறிய விந்தை இது.

நகரப் பூங்கா என்ற கருத்து இப்பகுதிக்குச் சென்னையிலிருந்து வந்தது. அது அழிந்த விதமும் சென்னையோடு பிணைந்தது. 1859–60இல் ஆளுநராக இருந்த சார்லஸ் டிரெவெல்யன், பின்னாளில் சென்ட்ரல் ரயில் நிலையம் எழுந்த பகுதிக்கு அருகே 116 ஏக்கரில் மக்கள் பூங்காவுக்கு அடித்தளமிட்டார். குளங்களும் வண்டிப்பாதைகளும் இசைமேடையும் கொண்டிருந்த அங்கே, அருங்காட்சியகத்தில் எட்வர்டு பால்ஃபர் 1855இல் தொடங்கிய விலங்குக் காட்சிச்சாலையும் 1860களில் இடம்பெயர்ந்தது. சென்னைவாசிகள் அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் விலங்குக் காட்சிச்சாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் அழைத்தார்கள். செங்கல்பட்டு, மதுராந்தகம் ஊர்களிலிருந்து காணும் பொங்கலுக்குப் பட்டணம் போனவர்கள் பார்த்தாக வேண்டிய இரண்டு இடங்கள் அவை. ஆனால் அப்பூங்காவைத் தின்றவை பெரும்பாலும் பொதுநலப் பணிகளே. 1880களில் விக்டோரியா பொதுமன்றம், 1900இல் மூர் மார்க்கெட், 1913இல் ரிப்பன் மாளிகை, அதன்பின் விளையாட்டரங்கம் என்று ஒவ்வொன்றும் ஒரு துண்டை எடுத்துக்கொள்ள, பார்க் டவுன் என்ற பெயரும் பார்க் என்ற ரயில் நிலையமும் பூங்காவின் நினைவாக மிஞ்சின. 1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்தது. இரண்டு மாதத்துக்குள், ஜூலை 24 அன்று, உயிர் காலேஜ் செங்கல்பட்டுச் சீமையின் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. நெரிசலான நகரத்தில் இடமில்லாது போன விலங்குகளுக்கு 500 ஹெக்டேருக்கும் மேற்பட்ட காப்புக்காடு கிடைத்தது. அவற்றோடு அதே பூங்காவில் உலாவிய மனிதர்களுக்கு மாற்றிடம் எதுவும் தரப்படவில்லை. பேருந்தேறி நுழைவுச்சீட்டு வாங்கினால் விலங்குகளைப் போய்ப் பார்க்கலாம்.

விளையாட்டுத் திடல் என்ற கருத்துக்கு இம்மாவட்டத்தின் பங்களிப்பும் ஒன்று இருக்கிறது. நெடுங்காலம் செங்கல்பட்டு கலெக்டரின் தலைமையிடம் செங்கல்பட்டில் இல்லை. சென்னையையொட்டிய சைதாப்பேட்டையில் இருந்தது. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி பின்னர் நிலைபெற்றது அந்தப் பகுதியின் அடையாற்றங்கரையில்தான். பள்ளிக்கு விளையாட்டு ஆசிரியரும், அவருக்கு ஒரு திடலும் வேண்டும் என்ற எண்ணம் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வேரூன்றியதில் அக்கல்லூரியிலிருந்து வெளிவந்த ஆசிரியர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. கிளித்தட்டும் சடுகுடுவும் ஆடிய களத்தை நோக்கி, அளந்து சுண்ணாம்புக் கோடு போட்ட மைதானம் வந்துசேர்ந்தது அவ்வழியே. 2005இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு உடற்கல்வி மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இப்போது இம்மாவட்டத்தின் மேலக்கோட்டையூரில் இருக்கிறது.

விடுதலைக்குப் பிறகு பொதுவெளியைப் பெயர்சொல்லிக் காக்க முனைந்த சட்டம், 1959ஆம் ஆண்டின் பூங்காக்கள், விளையாட்டிடங்கள், திறந்தவெளிகள் பாதுகாப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம். உள்ளாட்சி அமைப்பு தன் எல்லைக்குள் இருக்கும் இத்தகைய இடங்களைப் பட்டியலிட்டு அரசுக்கு அனுப்ப வேண்டும். பட்டியலில் ஏறிய இடத்தை அரசின் ஒப்புதலின்றி வேறு பயனுக்குத் திருப்பக் கூடாது என்பது அதன் உயிர்நிலை. அதாவது காப்பு நிலத்தைப் பொறுத்ததன்று, பட்டியலைப் பொறுத்தது. நகராட்சியின் பூங்காவும் திடலும் பட்டியலுக்கு எளிதில் வரும். வருவாய்க் கணக்கில் களம் என்றும் மந்தைவெளி என்றும் எழுதப்பட்ட இடத்தில் ஐம்பது ஆண்டுகளாகப் பிள்ளைகள் பந்து விளையாடினாலும், எழுத்தில் அது களமாகவே நிற்கும். கதிரடிக்கும் இயந்திரம் வயலுக்கே வந்துவிட்ட பிறகு களம் ‘பயன்பாட்டில் இல்லாத’ நிலமாயிற்று. மாடுகள் குறைந்ததும் மந்தைவெளியும் அப்படியே. மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, சேவை மையக் கட்டடம் என ஒவ்வொன்றும் ஊருக்கு வேண்டியவை என்பதால் எவரும் மறுப்புச் சொல்லாமல், மக்கள் பூங்காவுக்கு நேர்ந்ததே சிற்றளவில் ஊர்தோறும் நேர்ந்தது. ஆக்கிரமிப்பு என்றால் தனியார் வேலி என்றே எண்ணிப் பழகியவர்களுக்கு இது கண்ணில் படுவதில்லை.

நீதிமன்றங்கள் இடையிடையே கடுமையாகப் பேசியிருக்கின்றன. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தை முதலமைச்சரின் ஆணைப்படி தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை 1991இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது; 2011இல் ஜக்பால் சிங் வழக்கில், ஊர்ப் பொதுநிலங்களை வளைத்தோரை வெளியேற்றத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. தமிழ்நாட்டிலும் ஏரிகளைக் காக்க 2007இல் தனிச்சட்டம் வந்தது.

இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறக்கும் பூங்காக்களில் பெரும்பாலானவை வேறொரு வழியில் பிறக்கின்றன. சென்னையின் வளர்ச்சி ஜி.எஸ்.டி. சாலை, பழைய மாமல்லபுரம் சாலை, கிழக்குக் கடற்கரைச் சாலை ஆகிய மூன்று வழிகளிலும் தெற்கே இறங்க, வயல்கள் மனைப்பிரிவுகளாயின. மனைப்பிரிவு அல்லது பெரிய கட்டடத் திட்டத்தின் பரப்பு 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை நீங்கலாக 10 விழுக்காட்டு நிலத்தைத் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும்; வீட்டுமனைத் தொழிலில் ‘ஓ.எஸ்.ஆர். இடம்’ என்று வழங்குவது அதுவே. 10,000 சதுர மீட்டர் வரை நிலத்துக்குப் பதிலாக அதன் வழிகாட்டி மதிப்பைப் பணமாகக் கட்டலாம். அதற்கு மேல் நிலத்தையே தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சிக்கு ஒப்படைத்தாக வேண்டும். விதி நல்லதுதான், ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அதன் எல்லை புலப்படும். சாலை நீங்கலாக 10,000 சதுர மீட்டர் கொண்ட மனைப்பிரிவு தரும் 1,000 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய நாலரை கிரவுண்டு. 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட கபடிக் களம் அதில் தாராளமாக அடங்கும். 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்ட கால்பந்துத் திடல் ஒன்றைப் பெற வேண்டுமானால் 17 ஏக்கருக்கும் மேற்பட்ட ஒரே மனைப்பிரிவு வேண்டும். ஆகவே இவ்விதி ஊஞ்சலும் சறுக்குமரமும் எட்டு வடிவ நடைபாதையும் கொண்ட சிறு பூங்காக்களைப் பெற்றெடுக்கிறது. விளையாட்டுத் திடலைப் பெற்றெடுப்பதில்லை. முதியோருக்கும் குழந்தைகளுக்கும் இடம் கிடைத்துவிட, பதினைந்து வயதுப் பையன்கள் வற்றிய ஏரிக்கே திரும்புகிறார்கள். அந்த வயதுப் பெண்பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை.

முறையான ஒப்புதல் இல்லாமல் ஊராட்சித் தலைவரின் கையெழுத்தோடு விற்கப்பட்ட மனைகளில் இந்தப் பத்து விழுக்காடும் கிடையாது. அத்தகைய மனைகளின் பத்திரப்பதிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை செய்ததும், 2017இல் அவற்றை வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்ததும் எல்லோரும் அறிந்தவை. வரன்முறைப்படுத்துவதால் மனைக்கு எண் கிடைக்கும். வீடுகள் எழுந்துவிட்ட இடத்தில் திடல் முளைக்காது. 2022இல் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டபோது இம்மாவட்டத்தின் பெரும்பகுதி அதற்குள் வந்தது. இதற்கிடையே ‘பூங்கா’ என்ற சொல்லே தடம் மாறிவிட்டதைச் சொல்லாமல் விட முடியாது: சிறுசேரியில் தகவல் தொழில்நுட்பப் பூங்கா, பிற இடங்களில் தொழில் பூங்கா என்று, அடையாள அட்டை இல்லாமல் நுழைய முடியாத வளாகங்களுக்கு அப்பெயர் போய்ச் சேர்ந்திருக்கிறது.

சட்டம் உண்மையிலேயே திறந்தவெளியைக் காத்த இடங்கள் இம்மாவட்டத்தில் உண்டு. ஆனால் அங்கே காக்கப்பட்டது உயிரோடு இருப்பவர்களின் பொழுதுபோக்கு அல்ல. 1950, 1952 ஆகிய ஆண்டுகளில் அகழாய்வு நடந்த சாணூரைப் போலப் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் நிறைந்த இடங்கள் பலவற்றை இந்தியத் தொல்லியல் துறை தன் காப்பில் வைத்திருப்பதால், சுற்றிலும் மனைக்கற்கள் நடப்பட்ட பின்னும் அக்கல்வட்டங்களைச் சூழ்ந்த வெளி எஞ்சியிருக்கிறது. வேடந்தாங்கலில் பறவைகளைச் சிப்பாய்கள் சுடுவதைக் குறித்து ஊரார் முறையிட, கலெக்டர் லயனல் பிளேஸ் 1798இல் அவர்களுக்குக் கவுல், அதாவது அரசின் உறுதிமொழிச் சீட்டு, எழுதிக் கொடுத்தார் என்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே. இறந்தவர்களுக்கும் பறவைகளுக்கும் எழுத்து இருந்தது.

மாமல்லபுரத்தில் இந்தக் காப்பு இரு முனையும் கூரியதாக அமைந்தது. 1984இல் உலக மரபுச் சின்னமான அவ்வூரில், காக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை கட்டடம் கூடாது, அடுத்த 200 மீட்டரில் அனுமதியோடுதான் கட்டலாம் என்ற விதி, 1992இல் அறிவிக்கப்பட்டு 2010இல் சட்டத்தின் பகுதியாயிற்று. குன்றைச் சுற்றிய புல்வெளி விடுதிகளுக்குப் பலியாகாமல் தப்பியது இதனால்தான். தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தவர்கள் தங்கள் வீட்டைப் பழுதுபார்க்கவும் அலைய நேர்ந்ததும் இதனால்தான். கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை என்ற பெரும்பாறை நிற்கும் சரிவு, ஊர்ப் பிள்ளைகளுக்கும் பள்ளிச் சுற்றுலா வந்தவர்களுக்கும் காலங்காலமாகச் சறுக்குமரமாக இருந்து வந்தது; பல தலைமுறைக் கால்சட்டைகள் தேய்த்து வழுவழுப்பாக்கிய கல் அது. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் அதன் முன் கைகோத்து நின்ற படம் உலகெங்கும் பரவியது. அதே மாதத்தில் அதைக் காண ஒருவருக்கு 40 ரூபாய்க் கட்டணம் அறிவிக்கப்பட்டது. பராமரிப்புக்குப் பணம் வேண்டும் என்பது நியாயமே. ஆனால் சின்னம் என்ற பட்டியலில் இருந்த கல், சறுக்குமரம் என்ற பட்டியலில் என்றுமே இருந்ததில்லை என்பதால், அந்தக் கட்டணத்தால் எது மாறுகிறது என்று கேட்கும் உரிமை எந்த அலுவலகத்துக்கும் இல்லாமல் போயிற்று.

எஞ்சுவது கடற்கரை. மீனவக் குப்பங்கள் படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் வைத்திருந்த மணல்வெளிதான் இக்கரையின் மந்தைவெளி. 1991 பிப்ரவரியில் வந்த கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, கடல் ஏற்றத்தில் நீர் எட்டும் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுமானங்களைக் கட்டுப்படுத்தியது. 2011இலும் 2019இலும் அது திருத்தி எழுதப்பட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்தில் விடுதிகளும் பண்ணை வீடுகளும் வேலியடைத்து நிற்க, மணலுக்குச் செல்லும் சந்துகள் குறைந்தன. மணல் பொதுவாக இருந்தும் அதற்குப் போகும் வழி தனியாரிடம் சிக்கிய இடங்கள் உண்டு. கடலரிப்பைத் தடுக்கக் கற்களைக் கொட்டி அமைக்கும் தூண்டில் வளைவுகள் ஓரிடத்தில் மணலைச் சேர்த்து வேறோரிடத்தில் அரிக்கின்றன. மறுபுறம், கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவக் குடும்பத்து இளைஞர்கள் அலைச்சறுக்கில் தேர்ந்து, 2023 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் சர்வதேசப் போட்டி நடக்கும் அளவுக்கு அதை வளர்த்தார்கள். தூய்மையான கடற்கரைகளுக்கு வழங்கும் நீலக்கொடிச் சான்றைக் கோவளம் கடற்கரை 2021இல் பெற்றது. கட்டுமரத்துப் பலகையைக் கொண்டு அலையில் சறுக்கிய ஆட்டம், இவ்வகையில் பட்டியலுக்குள் வந்துவிட்டது.

பட்டியலுக்குள் வராத பழைய வழக்கம் ஒன்று அதே மணலில் தொடர்கிறது. மாசி மகத்துப் பௌர்ணமியில் செங்கல்பட்டு, திருவள்ளூர், காஞ்சிபுரம், விழுப்புரம் மாவட்டங்களிலிருந்து இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்து கூடுகிறார்கள். கழி நட்டுச் சேலையைக் கட்டிய சிறு பந்தல்களில் குடும்பம் குடும்பமாகத் தங்கி, இரவெல்லாம் ஆடிப் பாடி, விடியலில் மணலால் ஏழு படி கட்டிக் கன்னியம்மனை வழிபடுகிறார்கள். பெண் பார்ப்பதும் திருமணம் முடிப்பதும் அங்கேயே நடக்கின்றன. ஆண்டு முழுவதும் செங்கற்சூளையிலும் அரிசி ஆலையிலும் பிரிந்து கிடக்கும் உறவினர்கள் ஒருவரையொருவர் காணும் இடம் அது. இப்போது அந்நாளில் குடிநீர்த் தொட்டியும் கழிப்பறையும் விளக்கும் ஏற்பாடு செய்யப்படுகின்றன. பௌர்ணமிக்கு மறுநாள் பந்தல்கள் பிரிக்கப்படுகின்றன. குழி தெரியும் இடங்களை மிதித்துச் சமப்படுத்திக்கொண்டு குப்பத்துப் பிள்ளைகள் மாலையில் பந்து விளையாட வருகிறார்கள்.